எங்கள் பகுதிப் பூங்காவை நாங்களே பார்த்துக்கொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்கா என்றால் மாநகராட்சி வேலை, நமக்கென்ன என்று இருந்தவர்கள் பலர் இப்போது தெருவுக்கு ஒரு குழுவாகச் சேர்ந்து "நாங்களும் ஏதாவது செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் எங்களுக்குத் தெரிந்த பதில்களும் இங்கே இருக்கின்றன. சென்னையை மனத்தில் வைத்து எழுதியது. கோவை, மதுரை, திருச்சியில் அலுவலகப் பெயர்கள் கொஞ்சம் மாறும். மற்றதெல்லாம் ஏறக்குறைய இதேதான்.

எங்கள் நகரில் பூங்காவுக்கு விட்டதாகச் சொல்லும் இடம் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கிறது. அது உண்மையிலேயே பூங்கா இடம்தானா?

முதலில் லேஅவுட் வரைபடத்தைப் பாருங்கள். சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் கொடுத்த வரைபடம் இருக்கும். இப்போதுள்ள விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, அதைத் தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இருந்தால், இடம் விட முடியாத நிலையில் அதற்கு ஈடாகப் பணம் கட்டவும் வழி உண்டு. அதனால் சின்ன லேஅவுட்டில் பூங்காவே இல்லாமல் போயிருக்கலாம்.

தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். வரைபட நகல் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும்.

இடத்தை வேறு எதற்காவது மாற்றப் பார்த்தால் கையில் ஆயுதம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மருத்துவமனையே ஆனாலும் பூங்கா இடத்தில் கூடாது என்று ஆன வழக்கு அது. அதிகாரி யாராவது "பொது நோக்கத்துக்குத்தானே சார்" என்று இழுத்தால் இதை நினைவுபடுத்தலாம்.

கூட்டம் போட்டால் அதே நாலு பேர்தான் வருகிறார்கள். என்ன செய்வது?

அடுக்குமாடியின் ஹாலில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் ஓய்வு பெற்ற ஆண்கள்தான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, நேரமும் அக்கறையும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் மட்டும் முடிவெடுத்தால் பூங்கா ஒரு நடைபாதையாகவும் நாலு சிமெண்ட் பெஞ்சாகவும் முடிந்துவிடும். நடைப்பயிற்சிக்காரர்களின் பூங்கா, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாம் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். காலை ஆறு மணி, மதியம் ஒரு மணி, மாலை ஐந்து, இரவு எட்டு என்று நான்கு வேளையும் பூங்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மதியம் வெயிலில் உணவு டெலிவரி செய்கிற தம்பிகள் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டு வேலை செய்யும் அக்காக்கள் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கிடைக்கும் அரைமணி நேரத்தைப் படிக்கட்டில் கழிப்பார்கள். பூங்காவில் நிழல் அதிகம் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான். அந்த நேரத்தில்தான் கேட்டில் பூட்டுத் தொங்கும்.

எங்களுக்குச் சரியாக வந்த முறை ஒன்று: பூங்காவின் வடிவத்தைத் தரையில் சுண்ணாம்புத் தூளால் பெரிதாக வரைந்துவிடுவது. எந்த இடத்தில் உட்காரப் பிடிக்கும், எந்த இடத்துக்குப் போகப் பயம் என்று கேட்டு, அங்கே கல்லையோ இலையையோ வைக்கச் சொல்வோம். பேச்சு வராதவர்களும் கல் வைப்பார்கள். ரேஷன் கடை பக்கத்திலோ குழந்தைகள் பள்ளி விட்டு வரும் வழியிலோ இதைச் செய்தால் இன்னும் நல்லது.

அப்புறம், 2022 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. வார்டு உறுப்பினர் முன்னிலையில் கோரிக்கை வைத்துத் தீர்மானமாகப் பதிய வைத்தால், பின்னால் ஃபைல் நகர அது உதவும்.

பெண்கள் எங்கள் பூங்காவுக்கு வருவதே இல்லையே?

உயரமான மதில், நடுவில் மட்டும் ஒரு ஹைமாஸ்ட் விளக்கு, ஒரே ஒரு வாசல், பூட்டிய கழிப்பறை. இந்த நான்கும் இருக்கிற பூங்காவுக்குப் பெண்கள் ஏன் வர வேண்டும்? வெளியிலிருந்து உள்ளே தெரிகிற மாதிரி மதிலைக் குறைத்துக் கம்பி போடச் சொல்லுங்கள். இரண்டாவது வாசல் வேண்டும். விளக்கு உயரத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பாதையோரப் புதர் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். அடர்ந்த செடிகளுக்குப் பூங்காவின் பின்பக்க மூலையை ஒதுக்கலாம். கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் வாரமே கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் யாரிடமும் இருக்காது!

இயற்கை வளம் என்றால் புதர் மண்டவிடுவதா? பாம்பு வராதா?

பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது நாம் கொட்டும் சாப்பாட்டுக்காக. பூங்கா ஓரத்தில் பிரியாணிப் பொட்டலமும் கோழிக் கழிவும் கிடந்தால், ஒரு செடிகூட இல்லாவிட்டாலும் பாம்பு வரும். நகரத்தில் அதிகம் கண்ணில் படுவது சாரைப்பாம்பு, அதற்கு விஷம் கிடையாது. நல்லபாம்பும் வரலாம் என்பதை மறைப்பதற்கில்லை. பாதையை அகலமாகச் சுத்தமாக வைப்பது, கல் குவியல்களைக் குழந்தைகள் ஆடும் இடத்திலிருந்து தள்ளி வைப்பது, பாம்பைப் பார்த்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்வது, இவ்வளவு போதும்.

மற்றபடி புதர் என்பது ஒழுங்கின்மை அல்ல. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். வேலி ஓரத்து எருக்கில் வெந்தய வரியன் வரும். ஆடுதீண்டாப்பாளை இருந்தால் சிவப்புடல் அழகி. "புழு தின்கிறது" என்று மருந்தடித்துவிட்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பலகை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். புழு தின்னத்தான் அந்தச் செடியே.

காய்ந்த கிளையை உடனே வெட்டாதீர்கள். பாதைக்கு மேல் தொங்கி ஆபத்தாக இருந்தால் வெட்டத்தான் வேண்டும். ஓரமாக இருந்தால் விட்டுவிடலாம். செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைவது அந்தப் பட்டுப்போன கிளையின் அடிப்பக்கத்தில்தான். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். கீழே தரையில் மாவு உதிர்ந்தது மாதிரி மரத்தூள் கிடக்கும். அண்ணாந்து பார்த்தால் கனத்த அலகும் சிவப்பு நெற்றியும் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும். குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் போதும், அந்த மரத்துக்குக் காவல் வைக்க வேண்டியதில்லை.

என்ன மரம் நடலாம்?

2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு அடுத்த நாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். வேகமாக வளர்ந்து நிழல் தரும் என்று வைத்த வெளிநாட்டு மரங்கள் சாலை சாலையாகச் சாய்ந்து கிடந்தன. விழுந்ததற்கு மரத்தின் இனம் மட்டுமே காரணமில்லை. வேரைச் சுற்றிச் சிமெண்ட், கேபிளுக்குத் தோண்டிய பள்ளம், ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டியது எல்லாம் சேர்ந்துதான்.

பூவரசு, புங்கன், வேம்பு, மகிழம், நாவல், புன்னை, நீர்மருது, சரக்கொன்றை, மந்தாரை, இலுப்பை என்று நம் மண்ணுக்கு ஏற்ற மரங்களே போதுமான அளவு இருக்கின்றன. இடம் பெரிதாக இருந்தால் ஒரு ஆலோ அத்தியோ கட்டாயம் வையுங்கள். பழம் தின்னும் பறவைகள் அதை நம்பித்தான் இருக்கும். கடலோரம் என்றால் புன்னையும் பூவரசும் உப்புக் காற்றைத் தாங்கும். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் மட்டும் வேண்டவே வேண்டாம். 2025-இல் தமிழ்நாடு அரசே அதற்குத் தடை போட்டுவிட்டது.

அதற்காக ஏற்கெனவே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை "அந்நிய மரம்" என்று வெட்டக் கிளம்புகிறவர்களிடம் எங்களுக்கு உடன்பாடில்லை. அறுபது வருட நிழலை வெட்டிவிட்டு ஆறடிக் கன்றை வைப்பதில் என்ன இயற்கைப் பற்று? புதிதாக வைப்பதை நாட்டு மரமாக வைப்போம், நிற்பது நிற்கட்டும்.

நடுவதற்கு முன் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். நகரப் பூங்காக்களில் மண் என்று நினைப்பது பெரும்பாலும் உடைத்த கட்டட இடிபாடு. செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, பால் பாக்கெட், எப்போதோ புதைந்த செருப்பு எல்லாம் வரும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மணிக்கணக்கில் அப்படியே நின்றால், மரத்துக்குச் செலவழிக்கும் முன் மண்ணுக்குச் செலவழியுங்கள்: சருகு, மட்கிய எரு, பொறுமை. சென்னையில் நடுவதற்கு நல்ல நேரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஆம் தேதி போட்டோவுக்காக நட்ட கன்றுகள் அடுத்த வெயிலைப் பார்ப்பதே அபூர்வம்.

மியாவாக்கி காடு வைக்கலாமா?

குப்பை கொட்டும் மூலை ஒன்றை மூட வேண்டுமானால் வைக்கலாம். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் நெருக்கி நடும் முறை அது. உள்ளே போய் உட்கார முடியாது. பூங்கா முழுவதையும் அப்படி ஆக்கிவிட்டால் மனிதர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பச்சைப் புல்தரை இல்லாமல் பூங்கா நன்றாக இருக்குமா?

கொரியன் புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், அவ்வப்போது வெட்ட வேண்டும். அதைவிட "புல்லின் மீது நடக்காதீர்" என்று பலகையும் வேண்டும். நடக்க முடியாத புல் எதற்கு? குழந்தைகள் விளையாடும் திடலை மண்ணாகவே விடுங்கள். கொஞ்சம் மணல், குறுக்கே விழுந்த ஒரு அடிமரம், ஏறுவதற்குத் தாழ்வான கிளை இருந்தால் சறுக்குமரத்தைவிட அதில்தான் கூட்டம் இருக்கும். ரப்பர் தரை மே மாதத்தில் எப்படிச் சுடும் என்று வெறுங்காலோடு ஒருமுறை நின்று பார்த்தவர்கள் டெண்டரில் அதைச் சேர்க்க மாட்டார்கள்.

குளம் வெட்டினால் கொசு வருமே?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குளம் தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே மழைநீர் இறங்கும் பள்ளமாக இருந்தால் இரண்டு நாளில் வற்றுகிற மாதிரி அமைக்க வேண்டும். நிரந்தரக் குளமாக இருந்தால் மீன், தட்டான், தவளை வாழ்கிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், சிமெண்ட் பூசிப் பம்ப் பழுதாகி நிற்கும் செயற்கை நீரூற்றுத் தொட்டிதான் கொசுவின் சொர்க்கம். சென்னை மாநகராட்சியே இப்போது பல பூங்காக்களில் மழைநீரைத் தேக்கி உறிஞ்சவிடும் குளங்களை வெட்டியிருக்கிறது. ஸ்பாஞ்ச் பார்க் என்று கேட்டால் பொறியாளருக்கு உடனே புரியும்.

பணத்துக்கு என்ன வழி?

நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். மாநகராட்சியின் பூங்கா தத்தெடுப்புத் திட்டத்தில் நிறுவனமோ குடியிருப்போர் சங்கமோ பராமரிப்பை ஏற்கலாம். மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவைப் பல ஆண்டுகளாகச் சுந்தரம் ஃபைனான்ஸ் பராமரித்துவருகிறது. அங்கே காலைக் கச்சேரி வைத்து நடைபோட வந்தவர்களைச் சபாக்காரர்களாகவும் ஆக்கினார்கள். பெரிய நிறுவனம் கிடைத்தால் நல்லதுதான். கிடைக்காவிட்டாலும் உட்கார்ந்துவிட வேண்டாம். பூங்காவின் உயிர் பணத்தில் குறைவாகவும் தினமும் வரும் ஆளில் அதிகமாகவும் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் விளம்பரப் பலகையின் அளவையும் எண்ணிக்கையையும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இதில் தயங்கக் கூடாது.

தத்தெடுத்த பிறகு சாவி நம்மிடம்தானே? யார் வரலாம் என்று நாம் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இடம் பொது இடமாகவே இருக்கிறது, நாம் ஏற்பது வேலையை மட்டும். சங்கத்தின் கையில் பூங்கா போனதும் அடையாள அட்டை கேட்பது, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளை விரட்டுவது, ஜோடியாக உட்கார்ந்தவர்களை எழுப்புவது என்று சில இடங்களில் ஆகிவிடுகிறது. இதைப் பராமரிப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மதியப் பூட்டையும் கேள்வி கேளுங்கள். காவலாளி இல்லை, அசம்பாவிதம் நடந்தால் யார் பொறுப்பு என்பார்கள். பயத்துக்குப் பூட்டுப் போட்டால் திறக்க எவ்வளவு நாளாகும் என்பதற்கு அண்ணா நகர் டவர் பார்க்கே சாட்சி. 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், தற்கொலைகள் நடந்ததால் 2011-இல் மூடப்பட்டது. கம்பித் தடுப்பு போட்டு மறுபடி மக்களை ஏறவிட்டது 2023-இல்தான்.

எல்லாப் பசுமை இடமும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, முதலில் பறவைக்கும் அலையாத்திக்கும் உரிய இடம். அங்கே கட்டுப்பாடு இருப்பது நியாயம். தெருமுனைப் பூங்காவுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இரவில் குடிக்கிறார்கள். போலீஸைக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம், ஆனால் அது அன்றைக்கு மட்டும். இரவு எட்டு மணிக்கு இறகுப்பந்து ஆடும் ஒரு கூட்டமும் வாசலில் ஒரு சுண்டல் வண்டியும் இருந்தால் குடிப்பவர்கள் தாங்களாகவே வேறு இடம் பார்ப்பார்கள். சுண்டல்காரரை விரட்டிவிட்டு சி.சி.டி.வி. கேட்பது எங்களுக்குப் புரியவே இல்லை.

தொடக்கத்தில் ஐம்பது பேர் வந்தார்கள். இப்போது ஐந்து பேர்தான்.

ஐந்து பேர் போதும், அவர்கள் தொடர்ந்து வந்தால். கோட்டூர்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலத்தில் 'நிழல்' என்ற மரப் பாதுகாப்பு அமைப்பினர் உருவாக்கிய மரப் பூங்காவைப் போய்ப் பாருங்கள். ஞாயிறு காலைகளில் தன்னார்வலர்கள் வந்து களை எடுத்து, தண்ணீர் ஊற்றி, ஆண்டுக்கணக்கில் வளர்த்த இடம். கல்லூரி மாணவர் வருவார், படிப்பு முடிந்து போய்விடுவார், அடுத்தவர் வருவார். 2015 வெள்ளத்தில் கோட்டூர்புரமே மூழ்கியது. அதன் பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

ஆள் குறைவதற்கு இன்னொரு காரணம் நாமே செய்வது: எல்லோரையும் எல்லா வேலைக்கும் கூப்பிடுவது. ஒருவருக்குப் பறவைக் கணக்கு பிடிக்கும், இன்னொருவருக்கு மனு எழுத வரும், ஒரு பாட்டி மூலிகைப் பாத்தியை மட்டும் பார்த்துக்கொள்வார். அப்படியே பிரித்துக் கொடுங்கள். முக்கியமாக, ஒப்பந்தத் தோட்டக்காரரைக் குழுவில் சேருங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் குழாய் எப்போது வற்றும் என்று அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை நாம் நட்டதைத் திங்கட்கிழமை அவர் களை என்று பிடுங்கினால் தவறு அவருடையது இல்லை.

வேறு ஊர்களில் இப்படி நடந்திருக்கிறதா?

பெங்களூர் சர்ஜாபூர் சாலையில் கைகொண்டனஹள்ளி ஏரியைக் குடியிருப்பாளர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டார்கள். பறவை பார்ப்பவர்கள் மட்டுமல்லாமல், மீன் பிடிப்பவர்களையும் மாட்டுக்குப் புல் அறுப்பவர்களையும் விரட்டாமல் வைத்துக்கொண்டதுதான் அதில் எங்களுக்குப் பிடித்த செய்தி. சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்ட் வாய்க்காலை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். அது அரசு பணம் கொட்டிச் செய்த வேலை; நம் கூவத்தோடு உடனே ஒப்பிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். ஆனால் தண்ணீரையும் மனிதரையும் கம்பி வேலி போட்டுப் பிரிக்காமல், மழை வந்தால் எச்சரித்து மேலே வரச் சொல்வது என்ற அவர்கள் வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

சருகை என்ன செய்வது?

எரிக்காதீர்கள். கோழிக் கம்பி வலையை வட்டமாக நிறுத்தி அதில் கொட்டி, அவ்வப்போது ஈரப்படுத்தினால் சில மாதங்களில் உரம்.

எங்களுக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் நேரம் இருக்கிறது. உருப்படியாக என்ன செய்யலாம்?

கன்று நட வேண்டாம், யார் தண்ணீர் ஊற்றுவது? ஏற்கெனவே நிற்கும் மரங்களைப் பாருங்கள். தண்டில் அடித்த ஆணிகளைப் பிடுங்குங்கள். விளம்பரத் தட்டி கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கும், அதை வெட்டி எடுங்கள். கன்றாக இருந்தபோது போட்ட இரும்புக் கூண்டு இப்போது மரத்தை இறுக்கிக்கொண்டிருக்கும், அதையும் கழற்றுங்கள். அடிமரம் வரை பேவர் பிளாக் பதித்திருந்தால் அதைப் பெயர்க்க உதவிப் பொறியாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் கூடாது என்று டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டிருப்பதையும் சொல்லலாம். சென்னையில் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிவைத்தால் இன்னும் நல்லது. குறடு, சுத்தி, கம்பி வெட்டி, தடித்த கையுறை, பிடுங்கிய ஆணிகளைப் போட ஒரு டப்பா எடுத்துவாருங்கள்.